பேசி அனுப்பிவைத்தவர்கள் நாம்தான்

சாதி இந்து அடித்தால் ஆர்ப்பாட்டம். நம்மாள் பொண்டாட்டியை அடித்தால் சமாதானம். நம் அமைப்புகள் இதைத்தான் இத்தனை வருடமாகச் செய்துவருகின்றன. கசக்கிறதா தோழர்களே? கசக்கட்டும்.

விளாங்குடியில் ஒரு தோழி. பெயர் வேண்டாம். கணவன் நம் கூட்டங்களுக்குக் கொடி கட்டுகிறவன், நீலத் துண்டோடு முன்வரிசையில் நிற்பவன். ஓர் இரவு மண்டை உடைந்து, இரண்டு பிள்ளைகளோடு அவள் ஓடிவந்தது காவல் நிலையத்துக்கு அல்ல, நம்மிடம். முதலில் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஏ.ஆர். காப்பி வாங்கியிருக்க வேண்டும். நாம் மூன்று மூத்த தோழர்களை உட்காரவைத்துப் பேசினோம். "போலீசுக்குப் போனா நம்ம பேருதாம்மா கெடும். அவன் மேல ஏற்கெனவே போராட்ட வழக்கு இருக்கு" என்றோம். அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு அவளைத் திருப்பி அனுப்பினோம். நாலாவது மாதம் அவள் மறுபடியும் வீட்டைவிட்டு வெளியேறினாள். இந்த முறை நம்மிடம் வரவில்லை.

போலீஸ் பயம் பொய்யில்லை. ஒருத்தனைத் தேடிச் சேரிக்குள் நுழைந்தால் தெருவையே அடித்துவிட்டுப் போவார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்தை யாருடைய முதுகில் ஏற்றினோம்? போலீசே இல்லாத ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ, நேரடியாகவோ அவளே மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே தங்கும் உரிமை அவளுக்கு உண்டு. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். சோழவந்தானில் அம்மா வீட்டில் இருந்தால், அந்தப் பகுதிக்குரிய நீதிமன்றம் போதும். மனுப் போட்டதற்காக அவனை உள்ளே தள்ளமாட்டார்கள். நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம், ஓராண்டு வரை சிறை. வழக்கு இழுக்கும் என்பது உண்மைதான். இழுக்காத வழக்கு நமக்கு எது இருந்தது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு எண்ணோடு ஒப்பிக்கிறோம். இந்தச் சட்டத்தை எந்தப் படிப்பு வட்டத்தில் நடத்தினோம்?

சாதி மறுப்புத் திருமணங்களிலும் இதே கதைதான். மாலை எடுத்துக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறோம். பிறகு அந்த வீட்டு அடுப்படியில் அவளைச் சாதி சொல்லித் திட்டுகிறார்கள். அது 'பொதுப் பார்வையில்' நடக்கவில்லை என்று சட்டம் கைவிரிக்கிறது. 2015 திருத்தத்தில் சேர்ந்த குற்றப் பட்டியலில், அடித்துக் காயப்படுத்தும் 323 இருக்கிறது. கணவன் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ இல்லை. இதற்காக ஒரு கண்டன சுவரொட்டியாவது நாம் ஒட்டியதுண்டா?

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்வது: வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் 14 சதவீதத்தினர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். 77 சதவீதத்தினர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. நம் தோழி வாய் திறந்து சொன்னவள். அவளைத்தான் வாயடைத்தோம்.

அரசை விட்டுவிடச் சொல்லவில்லை. 181-க்கு எந்நேரமும் கூப்பிடலாம். 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கலாம்; கணக்கு ஐந்து நாள். ஆறாவது நாள்? காப்பகங்களில் ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். வளர்ந்த மகன் இருந்தால் தாய் வேறு இடம் தேட வேண்டும். விளாங்குடியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் இரண்டு கேள்வி. வீட்டுக்காரர் எங்கே? நீங்க என்ன ஆளுங்க? எந்தப் பதிலைச் சொன்னாலும் கதவு சாத்துகிறது. டவுன் பஸ்ஸில் ஓசிப் பயணம் கொடுத்திருக்கிறார்கள், நல்லது. இறங்கிப் போக ஒரு வீடு வேண்டாமா? காப்பகத்தில் தாயையும் மகனையும் பிரிக்காதே என்றும், ஐந்து நாளை நீட்டு என்றும் கேட்டு ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்க வேண்டியவர்கள் நாம்.

மாணவத் தோழர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இலவச சட்ட உதவிக்குப் பெண் என்றாலே போதும், எஸ்.சி. என்றாலும் போதும்; வருமானச் சான்று தேவையில்லை. எண் 15100. அடுத்தமுறை ஒருத்தி நள்ளிரவில் கதவைத் தட்டினால் கூடப் போங்கள். வெளியே நிற்காமல் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள். மனு ரசீது கைக்கு வராமல் எழுந்திருக்காதீர்கள்.

1942-இல் நாக்பூர் பெண்கள் மாநாட்டில், மனைவி கணவனுக்குத் தோழி, அடிமையல்ல என்று பேசியவர் அண்ணல். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கிடப்பில் போட்டதை முதன்மையான காரணங்களில் ஒன்றாகச் சொல்லி 1951-இல் அமைச்சர் பதவியை உதறியவர். அவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அந்தப் பஞ்சாயத்தை நடத்தினோம்.

அந்த மூன்று மூத்த தோழர்கள் இன்னும் நம் மேடைகளில் பேசுகிறார்கள். ஏப்ரல் 14 நோட்டீஸில் அவர்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஒருவர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்.