பாடும் பறவையும் பாடாத பாசியும்

நீலகிரி மாவட்டத்தில், குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குச் செல்லும் சாலையில் கட்டபெட்டு அமைந்துள்ளது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இப்பகுதியில், கோத்தகிரியை ஒட்டி 116 ஹெக்டேர் பரப்பில் எஞ்சி நிற்பது லாங்வுட் சோலை. 18 சிற்றூர்களுக்கு நீராதாரமான இச்சோலை 2024ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இதன் சிறப்பை உரைப்போர் நீலகிரி சோலைக்கிளியைத் தவறாது குறிப்பிடுவர். மரப்பட்டைகளில் படர்ந்துள்ள பாசியைக் குறிப்பிடுவோர் அரியர்.

பெயரில் கிளி இருப்பினும் சோலைக்கிளி கிளியினம் அன்று. முதுகுநாணிகள் தொகுதியில், பறவைகள் வகுப்பில், ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சார்ந்தது அது. அதன் பேரினப் பெயர் பலமுறை மாறி, மரபணு ஆய்வின் பயனாக 2017இல் ‘சோலிகோலா’ என்றாயிற்று. மரத்தில் படரும் பாசியோ பிரையோஃபைட்டுகளுள் அடங்கும் ‘மாஸ்’ ஆகும். மெய்யான வேர், பூ, விதை எவையும் அதற்கு இல்லை. வித்துகளால் அது பெருகுகிறது. குளத்து ஆல்காவையும் சோலை மாஸையும் பேச்சுவழக்கு ‘பாசி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. பறவைக்குப் பெயரைத் திருத்தித் திருத்திச் சூட்டிய அக்கறை பாசிக்குக் கிட்டவில்லை.

பாதுகாப்பிலும் இதே நிலைதான். உலகில் பறவையினங்கள் ஏறத்தாழ 11,000. மாஸ் இனங்கள் ஏறத்தாழ 12,000. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியல் ஏறக்குறைய எல்லாப் பறவையினங்களையும் மதிப்பிட்டுள்ளது. நீலகிரி சோலைக்கிளியை அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அது அறிவித்துள்ளது. மாஸ்களுள் மதிப்பிடப்பட்டவை சிறு பகுதியே. மதிப்பிடப்படாத இனத்துக்கு ஆபத்தில்லை எனக் கொள்வது, தேர்வே எழுதாதவரைத் தேர்ச்சி பெற்றவராகக் கருதுவது போன்றது.

சோலையைக் காத்தால் பாசியும் தானே காக்கப்படும் என்பர் சிலர். அது ஓரளவே உண்மை. மரங்கள் நின்றாலும், மேற்கவிகை குறைந்து வெயில் புகுந்தால் பாசி உலரும். அலங்காரத்திற்காக உரித்தெடுத்தால் பட்டை வெறுமையாகும். மழைநீரையும் பனித்துளியையும் ஏந்திச் சிறிது சிறிதாக விடுவிப்பது பாசி. சோலைக்கிளி தன் கூட்டை அமைக்கவும் பாசியையே நாடுகிறது.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் வழியே உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு பேணப்படுகிறது. அதில் பறவைகளுக்கு இணையாக மாஸ்களும் இடம்பெறுதல் வேண்டும். எவ்வினம் எம்மரத்தில், எந்நிழலில் வளர்கிறது எனக் குறித்து வைக்கும் பணியை நீலகிரியின் பள்ளிகளும் கல்லூரிகளும் ஏற்கலாம். இன்று உள்ளவற்றைப் பதிவு செய்தால்தான், நாளை ஓரினம் குறைந்தால் அக்குறைவேனும் புலப்படும்.