வளர்ச்சியே சத்தியத்துக்குச் சாட்சியாகுமா?



"மார்மன்களின் போதகம் தவறென்றால், தேவன் அவர்களை ஏன் இவ்வளவாய்ப் பெருகப்பண்ணினார்?" சென்ற வாரம் வேதபாட வகுப்பு முடிந்தபின் ஒரு வாலிபத் தம்பி என்னிடம் கேட்ட கேள்வி இது. கமாலியேலின் ஆலோசனையையும் அவர் துணைக்கு அழைத்தார். கேள்வி நியாயமானது. ஆகையால் நியாயமாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தை எண்ணிப்பாருங்கள். 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை, 1844-இல் அவர் இலினாயில் கொல்லப்பட்டபோது சிதறிப்போயிருக்க வேண்டும். ஆனால் 1847 ஜூலையில் பிரிகாம் யங்கின் தலைமையில் ஏறக்குறைய 150 பேர் உப்பு ஏரியின் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். வந்த கையோடு ஓடைநீரைத் திருப்பி நிலத்தில் பாய்ச்சினார்கள். 1869-இல் இருப்புப்பாதை வந்து சேருமுன் ஏறக்குறைய 70,000 பேர் அந்த வறண்ட நாட்டை நோக்கிப் பயணப்பட்டார்கள். 300-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் எழும்பின. சால்ட் லேக் ஆலயத்தை 40 வருடம் கட்டி 1893-இல் முடித்தார்கள்.

இது எப்படி ஆயிற்று? அவர்களுடைய ஒழுங்கைப் பாருங்கள். சில நூறு பேர் கொண்டது ஒரு வார்டு. அதை விசாரிக்கும் பிஷப்புக்குச் சம்பளம் இல்லை. தன் தொழிலைச் செய்துகொண்டே அவர் மந்தையைக் கவனிக்கிறார். பல வார்டுகள் சேர்ந்தது ஒரு ஸ்டேக். ஏசாயா 54-ஆம் அதிகாரத்தில் வரும் கூடார முளையிலிருந்து எடுத்த பெயர் அது. மாதத்தில் ஒரு ஞாயிறு உபவாசமிருந்து, உண்ணாத உணவின் விலையை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்தையும் விசாரிக்க இன்னார் என்று ஆள் குறிக்கப்பட்டிருக்கிறது.

இப்போது பதிலுக்கு வருகிறேன். இந்தப் பெருக்கத்துக்குக் காரணம் உழைப்பும் ஒழுங்கும் தியாகமும். இவை மெச்சத்தக்கவை, ஆனால் இவை போதகத்தைச் சத்தியமாக்குவதில்லை. பெருக்கமே சத்தியத்துக்கு அடையாளமென்றால், சுருக்கம் பொய்க்கு அடையாளமாக வேண்டும். அப்படியானால் அப்போஸ்தலர் நட்ட எபேசு சபையைக் குறித்து என்ன சொல்வீர்கள்? இன்று அங்கே இடிபாடுகளே இருக்கின்றன. பவுலின் சுவிசேஷம் பொய்யாயிற்றோ? கமாலியேலும் அப்போஸ்தலன் அல்ல. ஆலோசனைச் சங்கத்தைப் பொறுத்திருக்கச் சொன்ன ஒரு பரிசேயர். அவருடைய எச்சரிப்பைச் சத்தியத்தை அளக்கும் கோலாக்காதிருங்கள்.

போதகத்தைப் போதகத்தாலேயே நிறுக்க வேண்டும். பிதாவுக்கு மாம்சமும் எலும்புமான சரீரம் உண்டென்றும், மனிதன் தேவனைப்போல் ஆகும்வரை உயர்த்தப்படலாமென்றும் அவர்கள் போதிக்கிறார்கள். வேதத்தோடு மார்மன் புத்தகம் முதலான வேறு நூல்களையும் வேதமாக வைக்கிறார்கள். 1852-இல் வெளிப்படையாக அறிவித்த பலதார மணத்தை, அரசு 1887-இல் சபையின் சொத்தையே பறிக்கச் சட்டம் இயற்றியபின், 1890-இல் கைவிட்டார்கள். தேவ வெளிப்பாடு என்று சொல்லப்பட்டது நெருக்கத்தின்கீழ் திசை மாறினால், அதைக் கேள்வி கேட்பது பகையல்ல, விவேகமே. வேறொரு சுவிசேஷத்தைக் குறித்துக் கலாத்தியருக்குப் பவுல் எழுதிய கடுமையான எச்சரிப்பு, தூதனே கொண்டுவந்தாலும் பொருந்தும்.

ஆனால் பிரியமானவர்களே, இங்கே நிறுத்திக்கொண்டு, "நாம் சரியானவர்கள்" என்று நிம்மதியாய் உறங்கப்போக உங்களை விடமாட்டேன்.

1856-இல், குதிரை வாங்க வழியற்ற ஏழைகள் கைவண்டி இழுத்து யூட்டாவுக்கு நடந்தார்கள். காலந்தாழ்ந்து புறப்பட்ட இரண்டு கூட்டத்தார் பனியில் சிக்கி, 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் திட்டத்தின் பிழைக்குத் தலைவர்களும் பொறுப்பாளிகளே. ஆயினும் அவர்கள் இன்னும் வழியில் இருக்கிறார்கள் என்ற செய்தி அக்டோபரில் எட்டியபோது, யங் கூடியிருந்த சபையாரிடம் அன்றைய உபதேசமே அவர்களை மீட்பதுதான் என்று அறிவித்து, வண்டிகளையும் கோவேறு கழுதைகளையும் மாவையும் கேட்டார். சில நாட்களில் மீட்பு வண்டிகள் மலையேறின.

நம் சபையில் அப்படி ஒரு ஞாயிறு என்றைக்காவது வந்ததுண்டா? மூன்று வாரம் ஆராதனைக்கு வராத விதவையின் வீட்டுக் கதவை யார் தட்டினோம்? அவர்களுடைய வாலிபர் இரண்டு வருடத்தை ஊழியத்துக்கென்று ஒதுக்குகிறார்கள். நம் வாலிபருக்கு நாம் என்ன வேலை கொடுத்தோம்? எல்லாவற்றையும் போதகர் தலையில் சுமத்திவிட்டு, குறை சொல்வதை மட்டும் நமக்கென்று வைத்துக்கொண்டோமே! சம்பளம் வாங்கும் நானும் இந்தக் குற்றத்துக்கு விலக்கானவன் அல்ல.

தவறான போதகத்துக்கு வேத வசனத்தால் பதில் சொல்லலாம். ஆனால் சரியான போதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அயலானை மறந்தவனுக்கு, யாக்கோபின் நிருபமே நியாயத்தீர்ப்பாய் நிற்கிறது. யாரும் விசாரியாத வீட்டுக்கு முதலில் வந்து விசாரிப்பவர் எவரோ, அவர் சொல்லுக்கே அந்த வீடு செவிகொடுக்கும். நம் பிள்ளைகளில் சிலரை நாம் இழப்பது வாதத்தில் அல்ல, இந்த அசட்டையில்தான்.

இந்த வாரம் சபைப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். போய்ப் பாருங்கள்; உட்கார்ந்து கேளுங்கள்; ஜெபித்து வாருங்கள். சத்தியத்தைக் காக்கிற கர்த்தர் அதைச் சுமந்துசெல்லும் கால்களையும் நமக்குத் தருவாராக. ஆமென்.