சாம்பல் மேடும் மாட்டின் குளம்படியும்

ஐதராபாத்தின் வயதைக் கேட்டால், சார்மினார் எழுந்த 1591ஆம் ஆண்டிலிருந்து எண்ணுவோரே மிகுதி. நகரத்திற்கு அக்கணக்குப் பொருந்தும், நிலத்திற்குப் பொருந்தாது. நகருக்குத் தென்மேற்கே, பழைய மகபூப்நகர் மாவட்டத்தில் உட்னூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள சாம்பல் மேடு நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது.

கிருஷ்ணா, துங்கபத்திரை ஆறுகளை ஒட்டிய வறண்ட நிலத்தில், குன்றுகளை அடுத்து, இத்தகைய மேடுகள் பல உள்ளன. அம்பிக்கு அருகில் நிம்பாபுரத்தில் உள்ள மேட்டை, வாலியை எரித்த சாம்பல் என்றே மக்கள் வழிவழியாகக் கூறுவர். இரும்பு உருக்கிய கழிவு என்று கருதிய அறிஞரும் இருந்தனர். 1863இல் சென்னைப் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், இவை மாட்டுச்சாணம் எரிந்த சாம்பலே என்றார். பிற்காலத்து ஆய்வும் அதையே உறுதி செய்தது.

1957இல் ஆல்ச்சின் என்னும் ஆங்கிலேய அறிஞர் உட்னூரில் அகழ்ந்தார். பொன்னோ மணியோ அவர் தேடியவை அல்ல. மரக்கழிகளை வரிசையாக நட்டு அடைத்த பட்டியின் குழிகள் வெளிப்பட்டன. பட்டியில் சாணம் குவிந்ததும், அது எரிக்கப்பட்டதும், மீண்டும் பட்டி அமைக்கப்பட்டதும் அடுக்கடுக்காகத் தெரிந்தன. மாடுகளின் குளம்படிகளும் மண்ணில் அப்படியே பதிந்திருந்தன. அரசனின் கல்வெட்டு அரசன் சொல்ல விரும்பியதையே சொல்லும். குளம்படிக்கு அத்தகைய விருப்பம் எதுவும் இல்லை. அதனாலேயே அது நம்பத்தக்க சான்றாகிறது.

வெளியூர் வாழ் தமிழ்க் குடும்பங்களில் கீழடியும் ஆதிச்சநல்லூரும் பெருமையோடு பேசப்படுகின்றன. அது முறையே. ஆனால், பிழைப்புக்கு வந்த ஊரின் பழமை பிறருடையது என்று ஒதுக்குவது முறையன்று. உட்னூர் ஆயர்கள் எழுத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர்களைத் தெலுங்கர் என்றோ தமிழர் என்றோ உரிமை கொண்டாட இடமில்லை. அவர்களைப் போன்ற புதிய கற்கால மக்கள் வாழ்ந்த தடயங்கள், தமிழகத்தின் பையம்பள்ளியிலும் 1960களில் கிடைத்தன. பட்டியை எரித்த தீக்கும் பொங்கல் முதலிய விழாக்களின் தீக்கும் தொடர்பிருக்கலாம் என்று ஆல்ச்சின் கருதினார். மெய்ப்பிப்பது அரிது, ஆயினும் போகியன்று தீ மூட்டி, பின் மாட்டை வணங்குவதில் தமிழர் வீட்டுக்கும் தெலுங்கர் வீட்டுக்கும் வேறுபாடு இல்லை. இவர் மாட்டுப் பொங்கல் என்பதை அவர் கனுமா என்பர்.

இம்மேடுகள் கரைந்து வருகின்றன. சாம்பல் வயலுக்கு எருவாகப் போகிறது. அருகிலுள்ள குன்றுகள் கல்லுக்காக உடைகின்றன. உழவரைப் பழிப்பது நேர்மையன்று. சாம்பல் நல்ல எரு என்பது அவர் பட்டறிந்தது. அது சான்று என்று அவரிடம் எடுத்துரைத்தவர் சிலரே. வேலியும் அறிவிப்புப் பலகையும் மட்டும் இதற்குப் போதா. கோல்கொண்டாவுக்கும் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஐதராபாத் பள்ளிகள், ஓராண்டேனும் பேருந்தைத் தென்மேற்கே திருப்பலாம். உட்னூர்ப் பிள்ளைகளே மேட்டைக் காட்டி விளக்கட்டும்.