விலைப்படமும் ஆண்டறிக்கையும்

அங்கத்தினர் சிலர் கம்பெனிப் பங்குகளின் விலைப்படத்தைப் படிக்கக் கற்று வருவதாக அறிகிறோம். கற்பது நன்றே. நாள்வாரிப் படத்தில் மெழுகுவர்த்தி போன்ற ஒவ்வொரு குறியும் அன்றைய தொடக்க விலை, முடிவு விலை, உச்சம், தாழ்வு ஆகிய நான்கையும் காட்டும். அடியிலுள்ள நெடுங்கோடுகள் கைமாறிய பங்குகளின் அளவைக் கூறும். ஆயின் இவை யாவும் நடந்து முடிந்தவை. நாளைய விலையுரைக்கும் பஞ்சாங்கம் அல்ல. கம்பெனியின் கடனையும் இலாபத்தையும் ஆண்டறிக்கையிலேயே காணலாம்.

படமறிந்த துணிவில் விரைந்து இலாபம் தேடுவோர் ஒன்றை எண்ண வேண்டும். 2021-22 முதல் 2023-24 வரை, ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்னும் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நஷ்டமடைந்ததாகச் சந்தைக் கண்காணிப்பு வாரியமான செபி 2024இல் அறிவித்தது.

ஆகவே படத்தைப் பயிலுங்கள். நூலுக்கும் விதைக்கும் பெற்ற சங்கக் கடனை மட்டும் அதில் இறக்காதீர்கள் என்பதே நமது கருத்து.