சிறு முகில்

மீலாது மேடைகளிலும் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளிலும் நாம் அடிக்கடி கேட்கும் கூற்று ஒன்றுண்டு. ஆண்ட்ரோமெடா என்னும் சுருள்வடிவ விண்மீன் மண்டலத்தை, மேலை நாட்டார்க்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம் அறிஞர் என்பதே அது. கைதட்டல் எழும், பரிசும் கிடைக்கும். நடுவர் இருக்கையில் அமர்ந்து அக்கூற்றுக்கு மதிப்பெண் இட்டவர்களுள் நாமும் ஒருவர். இட்டது பிழை என்று இன்று எண்ணுகின்றோம்.

நடந்தது யாது? பாரசீகத்தில் புவைஹிய மன்னர் அளுதுத் தௌலாவின் ஆதரவில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, 964ஆம் ஆண்டில் நிலைத்த விண்மீன்களைப் பற்றி அரபு மொழியில் ஒரு நூல் இயற்றினார். கிரேக்க அறிஞர் தாலமியின் விண்மீன் பட்டியல் அப்போதே எண்ணூறு ஆண்டுப் பழமையுடையது. முன்னோர் சொல் என்று அதனை அவர் அப்படியே பெயர்த்தெழுதவில்லை. மீன்களின் ஒளியளவைத் தம் கண்ணால் கண்டு சரிபார்த்தார். மாறுபட்ட இடங்களில் திருத்தினார். ஒவ்வொரு விண்மீன் கூட்டத்திற்கும், மண்ணிலிருந்து காணும் தோற்றம் ஒன்றும் வான்கோளத்தின் மீது அமையும் தோற்றம் ஒன்றுமாக இரு படங்கள் வரைந்தார். அவ்வாறு வரையுங்கால், அரபியர் வழக்கில் மீனுருவாகக் கொள்ளப்பட்ட பகுதியில், அம்மீனின் வாயருகே ஒரு சிறு முகில் இருப்பதாகக் குறித்தார்.

அவர் குறித்தது அவ்வளவே. தொலைநோக்கி இல்லாத காலம். அது சுருள்வடிவுடையது என்றோ, நம் பால்வெளி மண்டலத்திற்கு அப்பாற்பட்டது என்றோ அவர் சொல்லவில்லை.

1612இல் சைமன் மாரியஸ் தொலைநோக்கியால் அதனைக் கண்டார். அதன் சுருள்வடிவம் தெளிந்தது 1888இல் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த ஒளிப்படத்தில்தான். ஆயினும் அதன் தொலைவை எவரும் அறியார். அதற்கு அளவுகோல் தந்தவர் ஹார்வர்டு வானாய்வகத்தில் கண்ணாடித் தகடுகளை ஆய்ந்துவந்த ஹென்ரியட்டா லீவிட் என்னும் பெண்மணி. ஒருவகை மாறொளி விண்மீன்கள் ஒளி கூடிக் குறையும் கால அளவிற்கும் அவற்றின் உண்மை ஒளிர்வுக்கும் தொடர்புண்டு என அவர் 1912இல் நிறுவினார். 1923 அக்டோபரில், கலிபோர்னியாவின் வில்சன் மலையில், எட்வின் ஹபிள் அத்தகைய மீன் ஒன்றை ஆண்ட்ரோமெடாவில் கண்டார். முதலில் அதனைப் புதுமீன் என்று தகட்டில் குறித்திருந்தவர், அக்குறியை அடித்துவிட்டு மாறொளி மீன் எனத் திருத்தினார். அவர் கணக்கிட்ட தொலைவு ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு. இன்றைய கணக்கு 25 இலட்சம். அவர் அளவே, அது பால்வெளிக்கு வெளியேயுள்ள தனி மண்டலம் என்பதை மெய்ப்பிக்கப் போதுமானதாயிற்று. லீவிட் அம்மையார் அதனைக் காண உயிரோடில்லை, 1921இல் மறைந்துவிட்டார்.

அறிவியல் ஐரோப்பாவில் மட்டுமே பிறந்ததென்று பாடநூல்கள் சொல்லக் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்குப் பெருமிதம் வேண்டாமா எனப் பெரியோர் வினவுவர். அவ்வருத்தம் நமக்கும் உண்டு. அல்தபரான், ரிகெல், அல்தாயிர் என்று விண்மீன்கள் இன்றும் அரபுப் பெயர்களையே சுமந்து நிற்கின்றன. இதற்கு மிகைப்படுத்தல் எதற்கு? அஸ்ஸூஃபி கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதாதவர். அவரைக் காணாததையும் கண்டவராக்குவது, அவருடைய நேர்மையையே அவரிடமிருந்து பறிப்பதாகும். அதனோடு லீவிட்டின் பெயரும் மறைகின்றது. நம் மாணவியர் அன்றோ அப்பெயரை முதலில் அறியவேண்டும்!

மழை ஓய்ந்த கார்த்திகை இரவில், நிலவும் விளக்கொளியும் இல்லாத வெளியில் நின்று வடவானை நோக்கினால், அச்சிறு முகில் இன்றும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். அடுத்த போட்டியில் இப்பொருள் பற்றிப் பேச முன்வரும் மாணவர், முதலில் அதனைக் கண்டு வரட்டும். நடுவராக நாம் அமர்ந்தால், கேட்கப்போகும் முதல் வினா அதுவே.