அம்மம்மாவுக்கும் சொல்லுங்கள்: வீட்டு நாயும் பூனையும் நமது குசினியும்

ஸ்காபறோவிலும் மார்க்கத்திலும் எம்மவர் வீடுகளில் நாய், பூனை வளர்ப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகள் அடம்பிடிக்க, வேண்டாம் வேண்டாம் என்று பெற்றோர் சொல்லிக்கொண்டிருக்க, கடைசியில் ஒரு நாள் குட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. பிறகு பிள்ளைகள் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகிறார்கள். தாய் தகப்பன் வேலைக்குப் போகிறார்கள். பகல் முழுவதும் அந்தக் குட்டியோடு வீட்டில் இருப்பவர் யார்? அம்மம்மா, அல்லது அப்பப்பா.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தைப்பொங்கல் நாளில், படைத்து முடிந்த பொங்கலில் ஒரு கிண்ணம் எங்கள் நாய்க்கும் கிடைத்தது. நல்ல நாளில் வாயில்லாச் சீவனுக்கும் கொடுக்க வேண்டும் என்று அம்மம்மா வைத்தது. அதில் கஜுவும், நாம் பிளம்ஸ் என்று சொல்லும் உலர்ந்த முந்திரிகையும் தாராளமாக இருந்தன. அன்றிரவே நாய் சத்தி எடுக்கத் தொடங்கியது. மறுநாள் படுத்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அவசர மிருக வைத்தியசாலையில் மூன்று நாட்கள் வைத்துச் சேலைன் ஏற்றினார்கள். நாய் பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த மூன்று நாளும் அம்மம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "நான் நஞ்சு குடுத்திட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரில் என்ன பிழை? குட்டியோடு தந்த கைநூல் ஆங்கிலத்தில். வைத்தியர் சொன்ன புத்திமதிகளும் ஆங்கிலத்தில். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது, நாள் முழுக்க நாயோடு இருந்தவருக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பிழை எங்களுடையது. இன்னொரு வீட்டில் இது நடக்கக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

ஊரில் இப்படியா பார்த்தோம்?

ஊரில் மிஞ்சின சோற்றையும் மீன் முள்ளையும் தின்று நாய் வளரவில்லையா என்று பலர் கேட்கிறார்கள். வளர்ந்ததுதான். ஆனால் அவற்றில் எத்தனை முதுமை கண்டன என்று நாம் எண்ணிப் பார்த்தோமா? ஒரு நாள் படலைக்குள் காணவில்லை என்றால், எங்கேயோ போய்ச் செத்திருக்கும் என்பதோடு கதை முடிந்தது. அத்துடன் ஊர் நாய்க்கு சொக்லேட்டும் பிளம்ஸும் எட்டாத பொருட்கள். இங்கு அவை மேசையிலேயே இருக்கின்றன. ஊர் நாய் நாள் முழுக்க ஓடித் திரிந்தது, இங்கே பத்து இறாத்தல் நாய் சோபாவில் படுத்திருக்கிறது. உடம்பு சிறிதாக இருந்தால் சிறிதளவு நஞ்சும் பெரிதாகத்தான் வேலை செய்யும்.

குசினியில் கவனிக்க வேண்டியவை

முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். இத்தனை தின்றால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு கிடையாது. ஒரு நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு இன்னொரு நாயைச் சாகடிக்கலாம். 2021இல் அமெரிக்க மிருக வைத்தியர்கள் சிலர், முந்திரிகையில் உள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எடுத்துக்காட்டினார்கள். அதே அமிலம் நமது பழப்புளியிலும் மிகுதியாக உண்டு. ஆகவே புளி விட்ட மீன் குழம்பும் இரசமும் நாயின் தட்டுக்குப் போகக்கூடாது என்பதே எமது கருத்து.

வெங்காயமும் உள்ளியும் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை உடைத்துவிடும். நாயை விடப் பூனைக்கு இது இன்னும் மோசம். அவித்தாலும் பொரித்தாலும் தூளாக்கினாலும் நஞ்சு போவதில்லை. நமது குசினியில் வெங்காயம் இல்லாத கறி எது? சம்பல், சொதி, இறைச்சிக் கறி எல்லாவற்றிலும் உண்டு. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து முரசு வெளிறி, சோர்ந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும்போதுதான் தெரியவரும்.

சொக்லேட் நாயின் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். கறுப்பு கூடக்கூட ஆபத்தும் கூடும். சீனி இல்லாத சுயிங்கத்திலும் சில வகைக் கடலை வெண்ணெயிலும் சேர்க்கப்படும் சைலிற்றோல் என்ற இனிப்பு, நாயின் இரத்தச் சீனியைச் சடுதியாக இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். நீரிழிவுக்காரர் உள்ள வீடுகளில் சீனியில்லாப் பண்டங்கள் அதிகம் என்பதால் இதனைக் குறிப்பாகச் சொல்கிறோம்.

சமைத்த எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும். கொழுப்பு மிகுந்த இறைச்சியும் பொரியலும் கணைய அழற்சியைக் கொண்டுவரலாம்.

மருந்து அலமாரி

இதில்தான் அன்பு மிகுந்தவர்கள் மிகப் பெரிய தவறைச் செய்கிறார்கள். பூனை முடங்கிப் படுத்திருக்கிறது, உடம்பு சுடுகிறது, அரைக் குளிசை பனடோல் கொடுப்போமே என்று நினைக்கிறோம். பனடோல், ரைலனோல் எல்லாம் பரசிற்றமோல் என்ற ஒரே மருந்துதான். அதனை உடைத்து வெளியேற்றும் நொதியம் பூனையின் ஈரலில் போதியளவு இல்லை. 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். முரசு மண்ணிறமாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சு முட்டும். ஐபுபுரோபன் நாய்க்கும் பூனைக்கும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நோவுக்குப் பூசும் தைலங்களும் கற்பூரமும் அவை நக்கித் தின்னாத இடத்தில் இருக்கட்டும். மனிதருக்கு வாங்கிய எந்த மருந்தையும் மிருக வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் பூசுவதும் அப்படியே. அவற்றில் சிலவற்றில் உள்ள பேர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கி உயிரைப் பறிக்கும்.

பூனை ஒரு சிறிய நாய் அல்ல

சைவ வீடுகளுக்கு இதனைச் சொல்வது சிரமம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பூனைக்கு மாமிசம் தேவை. டோரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதியளவு தானே உண்டாக்காது. அது குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும். இதயம் கெடுவதை 1987இல் கலிபோர்னியாவில் கண்டறிந்தார்கள். சோறும் பருப்பும் தயிரும் கொடுத்துப் பூனை வளர்க்க முடியாது. நாய் அப்படியல்ல, அதற்கென முறையாகத் தயாரித்த மரக்கறி உணவோடு வாழக்கூடியது. வீட்டில் மாமிசம் அறவே புழங்க முடியாதென்றால் பூனை வளர்க்காமல் விடுவதே தர்மம்.

பூனைக்குப் பால் வைப்பதும் நமது பழக்கம். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது செமிக்காது, வயிற்றோட்டம்தான் வரும். தண்ணீரே போதும்.

அடுத்தது லில்லிப் பூ. ஈஸ்டர் காலத்தில் கடையெல்லாம் நிறைந்திருக்கும், சாமியறைக்கும் வாங்குகிறோம். அதன் மகரந்தம் மயிரில் பட்டுப் பூனை நக்கினாலும், சாடித் தண்ணீரைக் குடித்தாலும் சிறுநீரகம் செயலிழந்துவிடும். பூனை உள்ள வீட்டுக்கு லில்லி வேண்டவே வேண்டாம்.

ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய்க் குந்தி, சிறுநீர் போகாமல் கத்தினால் அது மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். சிறுநீர்ப் பாதை அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

வெளியே போகும்போது

மாரியில் வீதியில் கொட்டும் உப்பு பாதத்தை எரிக்கும். நடந்து வந்ததும் இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடையுங்கள். காரிலிருந்து ஒழுகும் உறைதடுப்புத் திரவம் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், சிறிதளவே கொல்லும். கோடையில் ஐந்து நிமிடம்தானே என்று காருக்குள் விட்டுப் போகாதீர்கள். றூஜ் பூங்காப் பக்கம் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி உண்டு, திரும்பி வந்ததும் காது, அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கும் பூனைக்கும் விசர்நோய்த் தடுப்பூசி போடுவது ஒன்ராறியோவில் சட்டம்.

நாம் செய்யக்கூடியது

நஞ்சு எதையும் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்க வைக்க முயல வேண்டாம், உப்பே நஞ்சாகிவிடும். தின்ற பொருளின் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். நேரம்தான் உயிர்.

ஓகிப் அட்டை மிருகங்களுக்குச் செல்லாது. ஓர் இரவு அவசர வைத்தியத்துக்கே நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரக்கணக்கில் டொலர் போகும். குட்டியை வாங்க முன்னரே இதனை யோசிக்க வேண்டும். பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று சொல்லி வாங்குவதிலும் எமக்கு உடன்பாடில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கும் பூனை, அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பின்னரும் உயிரோடு இருக்கும். பொறுப்பு பெரியவர்களுடையது.

வாசகர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். ஒரு தாளில் தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்: முந்திரிகை, பிளம்ஸ், புளி, வெங்காயம், உள்ளி, சொக்லேட், சமைத்த எலும்பு, பனடோல், லில்லி. கீழே உங்கள் மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தையும், இரவில் திறந்திருக்கும் வைத்தியசாலையின் இலக்கத்தையும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். ஒட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்து வாசித்தும் காட்டுங்கள். எமது முதியோர் ஒன்றுகூடலில் ஒரு நாள், ஒரு மிருக வைத்தியரை அழைத்துத் தமிழில் விளக்கம் கொடுக்கச் சங்கமும் ஆவன செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போதும் பொங்கலன்று நாய்க்குப் பங்கு உண்டு. சர்க்கரையும் பிளம்ஸும் போடுவதற்கு முன்னரே, வெந்த சோற்றில் ஒரு கரண்டியை அதன் கிண்ணத்தில் எடுத்து ஆறவைத்துவிடுகிறார் அம்மம்மா.