படித்த படிப்பு பாதியில் தொலையலாமா?

எங்கள் நார்த்தாமலையில் உடைத்த கல்லை லாரியில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டு போனால், "இது செல்லாது, புதிதாக உடைத்து வா" என்று எவரும் சொல்வதில்லை. கல்லுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, ஒரு பெண் கல்லூரியில் படித்த படிப்புக்குக் கிடைப்பதில்லையே!

என் பெரியம்மா மகள் 2016-ல் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தார். நாள்தோறும் பேருந்தில் போய்வந்து, இரண்டு ஆண்டுகளில் எல்லாத் தாள்களிலும் தேறினார். 2018-ல் திருமணம். அத்தானுக்குக் கோவையில் வேலை. அங்கே ஒரு கல்லூரியில் மதிப்பெண் பட்டியல்களைக் காட்டியபோது, "பாடத்திட்டம் வேறு. முதலாமாண்டில் சேருவதானால் சேருங்கள்" என்றார்களாம். அக்கா படிப்பை விட்டுவிட்டார். மூன்றாம் ஆண்டு முடியும்வரை திருமணத்தைத் தள்ளிப் போட்டிருக்கலாமே என்று நினைக்கும் தோழியரே, அதை உங்கள் வீட்டிலும் இப்போதே சொல்லி வையுங்கள்!

ஏழாம் வகுப்புச் சிறுமி மாற்றுச் சான்றிதழுடன் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போனால், அவளை ஒன்றாம் வகுப்பிலா உட்கார வைக்கிறார்கள்?

கல்லூரிகளின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழகத்தில் 1978 முதல் தன்னாட்சிக் கல்லூரிகள் உண்டு. அவை தாமே பாடம் வகுத்து, தாமே தேர்வு நடத்துகின்றன. ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் வரும் பாடம் இன்னொன்றில் முதலாண்டிலேயே முடிந்திருக்கும். ஆனால் வேறுபடுவது இரண்டு மூன்று தாள்கள் என்றால், அவற்றை மட்டும் எழுதச் சொல்லலாமே. இரண்டு ஆண்டுகளையும் ஏன் தள்ள வேண்டும்?

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. வாரம் ஒரு மணி வீதம் ஒரு பருவம் முழுவதும், அதாவது சுமார் 15 மணி நேரம் வகுப்பில் படித்தால் அது ஒரு கிரெடிட். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வகுத்த அமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 கிரெடிட். இவற்றைச் சேமித்து வைத்து வேறு கல்லூரிக்கு மாற்றிக்கொள்ள, 2021 ஜூலையில் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' என்னும் ஏற்பாடு வந்தது. ஐரோப்பாவிலோ இத்தகைய முறை 1989-லேயே தொடங்கிவிட்டது.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி கிரெடிட்டுகளைப் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு ஆண்டுகளில் 80 பெற்ற பெண், புதிய இடத்தில் 60 பெற்றாக வேண்டும், 20 வீணாகும். வேலை மாற்றத்தாலோ திருமணத்தாலோ ஊர் மாறுவோருக்கு இந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்பது என் கருத்து. எந்தத் தாள் செல்லும், எது செல்லாது என்பதையும், கல்லூரி சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி யார் வீடு மாற முடியும்?

அடுத்த ஆண்டு கல்லூரிக்குச் செல்லும் அக்காமார், சேர்ந்த உடனே அந்தக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். மதிப்பு ஏழு ஆண்டுகள் வரைதான்.

என் அக்காவுக்கு அதுவும் பயன்படாது. 2021-22 முதல் படித்த பாடங்களே அதில் ஏறும். அவரைப் போன்றோரின் பழைய தாள்களைப் பல்கலைக்கழகங்கள் தனியே பார்த்து முடிவு செய்தால் என்ன? பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவரிடம் கேட்டேன். நான்கு பருவ மதிப்பெண் பட்டியல்களும் பீரோவில், கல்யாணப் பட்டுச்சேலைக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றனவாம்.